சாடிக்குக் களா, சுளகுக்குச் சுண்டங்காய்

வன்னிப் பெருநிலத்துப் பற்றைக் காடுகளிலும் ஊர்ப்புற வேலி ஓரங்களிலும் முட்களுக்கிடையே காய்த்துக் குலுங்கும் களாவை அறியாதார் தமிழ்க் கிராமங்களில் மிகச் சிலரே. சில ஊர்களிலே அது கிளா எனவும் வழங்கும். மல்லிகையை ஒத்த வெண்ணிறப் பூப் பூத்து, பச்சைக் காயாகி, பின்னர்ச் செம்மை படர்ந்து, முதிர்ந்தபொழுது கருநிறமாகும் அச்சிறு பழத்துக்காகப் பள்ளிப் பிள்ளைகள் சட்டை கிழிவதையும் கை கீறப்படுவதையும் பொருட்படுத்துவதில்லை. அதே வேலியின் மற்றொரு புறத்திலே சுண்டங்காய்ச் செடி நிற்பதுண்டு. அதுவும் பெரும்பாலும் எவரும் நட்டு வளர்த்ததன்று. அதுவும் கொத்துக் கொத்தாகக் காய்ப்பதே.

இவ்விரண்டையும் ஒரே கூடையிற் பறித்துக்கொண்டு வீடு திரும்பிய முன்னைய தலைமுறைப் பெண்கள், முற்றத்துக்கு வந்ததும் அவற்றை வேறு வேறாகப் பிரித்தனர். களா, உப்புடன் சாடிக்குட் சென்றது. சுண்டங்காயோ, கீறப்பட்டு, உப்பிட்ட புளித்த மோரில் ஊறி, சுளகிலே பரப்பப்பட்டு வெயிலில் உலர்ந்தது. ஒன்று ஊறுகாயாயிற்று, மற்றையது வற்றலாயிற்று. இவ்வாறு பிரித்தமைக்குக் காரணம் வெறும் சுவையோ? வழக்கமோ? அன்றி, அவற்றினும் ஆழமான ஓர் அறிவோ?

இவ்வினாவுக்கு விடை காண்பது முன்னெப்போதையும்விட இன்று அவசியமாகின்றது. இரத்த அழுத்தத்துக்கு அஞ்சி ஊறுகாயில் உப்பைக் குறைக்கும் வீடுகள் பல. பல நாள் வெயில் பார்த்துக் காயவைக்க நேரமில்லாத வீடுகளும் பல. எந்தக் காயையும் வேகவைத்து, கடையில் விற்கும் போத்தலைப்போல இறுக மூடிவிட்டால் அது கெடாது என்னும் நம்பிக்கையும் பரவலாக உண்டு. அந்நம்பிக்கை ஒரு பாதியே உண்மை. மறு பாதியிலே உயிராபத்து இருக்கின்றது.

உணவு கெடுவதற்குக் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களே பெரும்பாலும் காரணம். பூஞ்சணம், மதுவம், பற்றீரியா என அவற்றை மூவகையாகப் பிரிக்கலாம். ஊறுகாயின் மேலே வெண்மையாகவோ பச்சையாகவோ படர்வது பூஞ்சணம். பழச்சாற்றை நுரைக்கச் செய்து புளித்த மணத்தை உண்டாக்குவது மதுவம். இவ்விரண்டையும் கண்ணாலும் மூக்காலும் எளிதில் அறியலாம். பற்றீரியாக்களுள் சிலவோ எவ்வித அடையாளமும் காட்டாது இருக்க வல்லன.

இவற்றைத் தடுப்பதற்கு மனிதன் கண்ட காவலர் நால்வர். உப்பு ஒருவன், புளிப்பு ஒருவன், உலர்ச்சி ஒருவன், வெப்பம் ஒருவன். மூடி இந்நால்வருள் ஒருவனல்லன். காவலர் உள்ளே இருக்கும்போது வாயிற்கதவைச் சாத்துவதே மூடியின் தொழில். பகைவன் உள்ளே இருக்கக் கதவைச் சாத்தினால் நேர்வது யாது என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதலில் உப்பின் தொழிலை நோக்குவோம். நுண்ணுயிர் வாழ்வதற்கு நீர் வேண்டும். காயிலே உப்பைச் சேர்த்தவுடன் உப்பு அக்காயிலுள்ள நீரை வெளியே இழுக்கின்றது. இழுக்கப்பட்ட நீரிலும் உப்புச் செறிந்திருப்பதால் நுண்ணுயிர் அதனை எடுத்துப் பயன்படுத்த இயலாது தவிக்கின்றது. சீனிப்பாகிலே பழம் கெடாதிருப்பதும் இக்காரணத்தாலேயே. உலர்ச்சியும் இதே வழியில் வேலை செய்வது. உப்பு நீரைக் கட்டிவைக்கின்றது, வெயில் நீரை அகற்றிவிடுகின்றது.

அடுத்தது புளிப்பு. ஒரு பொருளின் அமிலத்தன்மையை அளப்பதற்கு விஞ்ஞானிகள் பீ.எச். என்னும் எண்ணைப் பயன்படுத்துவர். தூய நீருக்கு அவ்வெண் 7. எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். உணவைப் பாதுகாப்போர் மனத்திற் பதிக்கவேண்டிய எண் 4.6 ஆகும். இதற்குக் கீழே உள்ளவை அமில உணவுகள். மேலே உள்ளவை அமிலம் குறைந்த உணவுகள். களா, நெல்லி, புளி, எலுமிச்சை ஆகியன இவ்வெல்லைக்கு மிகக் கீழே நிற்பன. சுண்டங்காய், உள்ளி, பச்சை மிளகாய், காளான், அவரை, மரக்கறிகளிற் பெரும்பாலானவை, மீன், இறைச்சி என்பன எல்லைக்கு மேலே நிற்பன.

வெப்பத்தின் கதை பிரான்சு தேசத்திலே தொடங்குகின்றது. இனிப்புப் பண்டம் செய்யும் தொழிலாளராய் விளங்கிய நிக்கொலா அப்பேர் என்பவர் 1749 ஆம் ஆண்டிற் பிறந்தவர். உணவைக் கண்ணாடிப் போத்தலில் நிரப்பி, தக்கையால் இறுக அடைத்து, கம்பியாற் கட்டி, கொதிநீரிலே நெடுநேரம் வைத்தால் அது பல மாதம் கெடாதிருப்பதை அவர் பல்லாண்டு முயன்று கண்டார். நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு அரசு 1810 ஆம் ஆண்டில் அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. செய்ம்முறையை மறைக்காது நூலாக வெளியிடவேண்டும் என்பது அப்பரிசின் நிபந்தனை. அவரும் அவ்வாண்டிலேயே நூலை வெளியிட்டார். அதே 1810 இல் இங்கிலாந்திலே பீற்றர் டூரண்ட் என்பவர் கண்ணாடியோடு தகரம் பூசிய பேணியையும் இவ்வேலைக்குப் பயன்படுத்துவதற்கு உரிமம் பெற்றார். இன்று கடைதோறும் அடுக்கப்பட்டிருக்கும் மீன் பேணியின் வரலாறு அங்கேதான் ஆரம்பமாகின்றது.

அப்பேர் செய்ம்முறையைக் கண்டாரேயன்றி அதன் காரணத்தை அறிந்தாரல்லர். உணவைக் கெடுப்பன நுண்ணுயிர்களே என்பதையும், வெப்பம் அவற்றைக் கொல்கின்றது என்பதையும் லூயி பாஸ்ரர் தம் ஆராய்ச்சிகளால் நிலைநாட்டியது 1860 களிலேயே. காரணம் அறியாமலே கைவந்த தொழில் ஒன்று ஐம்பது ஆண்டுகள் உலகுக்கு உணவளித்தது. நம் ஊர்ப் பெண்களின் சாடியும் சுளகும் இவ்வகையினவே.

இனி, கதவைச் சாத்தியபின் உள்ளே இருக்கும் பகைவனைப் பற்றிக் கூறவேண்டும். மண்ணிலே எங்கும் வாழும் குளொஸ்ரிடியம் பொற்றுலினம் என்னும் பற்றீரியா, ஏனைய பல உயிர்களுக்கு மாறாக, காற்றில்லாத இடத்திலேயே பெருகும் இயல்பினது. தனக்கு ஒவ்வாத காலத்திலே அது தன்னைச் சுற்றித் தடித்த கவசம் அமைத்து வித்தியாக உறங்கும். அவ்வித்தியை 100 பாகைக் கொதிநீர் எளிதிற் கொல்லாது. பலமணி நேரக் கொதிப்பையும் அது தாங்கவல்லது. போத்தலைக் கொதிக்கவைக்கும்போது ஏனைய நுண்ணுயிர்களிற் பெரும்பாலானவை மடிகின்றன, காற்றும் வெளியேறுகின்றது, மூடி இறுகுகின்றது. அப்பொழுது போட்டியிடுவார் எவருமில்லாத, காற்றில்லாத ஓர் இல்லம் அவ்வித்திக்குக் கிடைக்கின்றது. உள்ளே புளிப்பும் உப்பும் போதாதிருப்பின் அது விழித்தெழுந்து பெருகி நஞ்சை உமிழும். மனிதன் அறிந்த நஞ்சுகளுள் மிகக் கொடியனவற்றுள் ஒன்று அது.

1895 ஆம் ஆண்டிலே பெல்சிய நாட்டின் எல்செல் என்னும் ஊரில், ஒரு மரணச் சடங்குக்கு வந்த இசைக்குழுவினர், பதனிடப்பட்ட பன்றி இறைச்சியை உண்டு நோயுற்றனர். அவர்களுள் மூவர் இறந்தனர். அந்நிகழ்ச்சியை ஆராய்ந்த எமில் வான் எர்மெங்கம் என்னும் அறிஞரே இப்பற்றீரியாவை முதன்முதலிற் பிரித்தறிந்தவர். அதனினும் நம் பொருளுக்கு நெருங்கியது 1919 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கன்றன் நகரிலே நிகழ்ந்தது. ஒரு விருந்திலே பரிமாறப்பட்ட, கலிபோர்னியாவில் அடைக்கப்பட்ட ஒலிவக்காய்களை உண்டோருள் எழுவர் மாண்டனர். பழுத்த ஒலிவத்தின் கசப்பைக் காரநீரால் நீக்கும்போது அதிற் புளிப்பு மிஞ்சுவதில்லை. காவலனை வெளியேற்றிவிட்டுக் கதவைச் சாத்தியதன் விளைவு அது. அதன் பின்னரே, அத்தகைய ஒலிவங்களை அமுக்கத்தின்கீழ், கொதிநீரினும் உயர்ந்த வெப்பநிலையிலே பதப்படுத்தவேண்டும் என்பது அங்கு விதியாயிற்று.

இப்பொழுது முற்றத்துக்குத் திரும்புவோம். களா தன்னுள்ளேயே புளிப்பைக் கொண்டுள்ளது. பொற்றுலினம் அதில் விழித்தெழ இயலாது. ஆதலின் அதனைச் சாடியில் அடைத்தல் தகும். சுண்டங்காயில் அப்புளிப்பு இல்லை. ஆதலின் முன்னோர் அதற்கு மோரின் புளிப்பை ஊட்டினர், உப்பைச் சேர்த்தனர், அதனோடும் அமையாது நீர் முழுவதையும் வெயிலிலே போக்கினர். மணத்தக்காளிக்கும் இதுவே முறை. அப்பெண்கள் பீ.எச். எண்ணை அறிந்தவரல்லர், பற்றீரியாவைக் கண்டவரல்லர். எனினும் கெட்டதையும் கெடாததையும் தலைமுறை தலைமுறையாகக் கண்டு, புளிப்பது சாடிக்கு, புளிக்காதது சுளகுக்கு என்று வகுத்துக்கொண்டனர். அவ்வகுப்பை அறியாது, சுண்டங்காயை உப்புநீரில் வேகவைத்துப் போத்தலிலடைத்து அலுமாரியில் வைப்பவர் பழைய முறையையும் விட்டவர். புதிய முறையையும் அறியாதவர்.

இனிச் செய்ம்முறைக்கு வருவோம். காய் பறிப்பதிலேயே கவனம் தொடங்கவேண்டும். களா அலரிக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. காயைக் கீறினாற் பால் வடியும். அதே குடும்பத்திலே உயிர்கொல்லும் நஞ்சுடைய மஞ்சள் அலரியும் உண்டு. எனவே செடியை நன்கு அறிந்த முதியவர் ஒருவரின் துணையின்றிப் பிள்ளைகள் காட்டுக் காய்களைப் பறித்தலாகாது. ஐயமுள்ள காயைச் சுவைத்துப் பார்த்தலும் ஆகாது. வடக்கிலும் கிழக்கிலும் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் எல்லைக்குள் எந்தப் பழத்துக்காகவும் காலெடுத்து வைத்தல் கூடாது. ஒரு செடியிலுள்ள காய் முழுவதையும் பறியாமல், பறவைகளுக்கும் முளைத்தலுக்கும் ஒரு பங்கை விட்டுவைத்தல் நன்று.

பழைய முறை உப்புக் களா ஊறுகாய்க்கு முற்றிய, ஆனாற் பழுக்காத காய் வேண்டும். காம்பை நீக்கி, நீரிலே பலமுறை கழுவி, ஈரம் போகத் துணியில் உலர்த்தி, இரண்டாகப் பிளந்து விதையை அகற்றவேண்டும். பால் பிசுபிசுப்பதால் கத்தியிலும் கையிலும் சிறிது நல்லெண்ணெய் தடவிக்கொள்வர். ஒரு கிலோகிராம் காய்க்கு 150 கிராம் உப்பு என்னும் அளவிலே கலந்து, சாடியிலிட்டு, வாயை மெல்லிய துணியாற் கட்டி, நாள்தோறும் உலர்ந்த அகப்பையாற் கிளறி, நல்ல வெயிலிலே ஒரு வாரம் வைத்தால் காய் சுருங்கித் தன் நீரிலேயே ஊறிவிடும். பின்னர் செத்தல் மிளகாய்த் தூள், வறுத்துப் பொடித்த கடுகு, வெந்தயம் ஆகியவற்றைச் சேர்த்து, காய்ச்சி ஆறிய நல்லெண்ணெயை மேலே நிற்குமாறு ஊற்றுவர்.

இதில் ஒவ்வொரு வழக்கத்துக்கும் காரணமுண்டு. ஈரக்கரண்டி கூடாது என்று மூத்தோர் அதட்டியதற்குக் காரணம், அந்த ஈரம் பட்ட இடத்திலே உப்பின் செறிவு குறைந்து பூஞ்சணம் வேர்கொள்வதே. எண்ணெய் மேலே நிற்கவேண்டும் என்றதற்குக் காரணம், பூஞ்சணத்துக்குக் காற்று வேண்டும் என்பதே. ஆயின் அதே எண்ணெய் புளிப்பில்லாத பொருளுக்குக் காற்றடைத்த போத்தல்போலாகிவிடும். உள்ளியை எண்ணெயில் மட்டும் ஊறவிட்டுப் பல வாரம் வெளியே வைத்தல் இதனாலேயே ஆபத்தானது. ஊறுகாய்க்கு உள்ளி சேர்க்க விரும்புவோர் அதனை முன்னரே வினாகிரியில் நன்கு ஊறவைத்துச் சேர்க்கவேண்டும்.

உப்பைக் குறைக்க வேண்டுவோர்க்கு வினாகிரி முறையே ஏற்றது. இங்கே உப்பு விட்ட இடத்தை வினாகிரியின் அமிலமும் வெப்பமும் நிரப்புகின்றன. செம்மை படர்ந்த களா ஒரு கிலோகிராம், வினாகிரி 500 மில்லிலீற்றர், நீர் 250 மில்லிலீற்றர், சீனி 400 கிராம், உப்பு 30 கிராம் எடுத்துக்கொள்ளலாம். கறுவாப்பட்டை, கராம்பு, இஞ்சி ஆகியவற்றைச் சிறு துணியில் முடிந்து அதனுள் இடலாம். வினாகிரி நூற்றுக்கு ஐந்து பங்கு அமிலமுடையதாயிருத்தல் விரும்பத்தக்கது. போத்தலின் தாளிலே அவ்வளவு எழுதப்பட்டிருக்கும். நான்கு பங்கே என்றிருப்பின் நீர் சேர்க்காமல் வினாகிரியையே முழுமையாகப் பயன்படுத்துக. வீட்டிலே கள்ளைப் புளிக்கவைத்துப் பெறும் வினாகிரி மணமுடையதேயாயினும் அதன் வலிமை தெரியாது. அதனை உடனே உண்ணும் சம்பலுக்கும் கறிக்கும் வைத்துக்கொண்டு, போத்தலடைப்பதற்கு அளவு தெரிந்ததையே எடுத்தல் வேண்டும்.

துருப்பிடியாத உருக்குப் பாத்திரத்தில் வினாகிரி, நீர், சீனி, உப்பு ஆகியவற்றைக் கொதிக்கவைத்து, விதை நீக்கிய களாவை அதிலிட்டு ஐந்து நிமிடம் வேகவைக்கவேண்டும். பித்தளை, செம்பு, அலுமினியம் என்பவற்றை வினாகிரி அரிக்குமாதலின் அவை தகா. சுத்தமாகக் கழுவி வெந்நீரில் வைத்திருக்கும் கண்ணாடிப் போத்தல்களிலே, கொதிக்கும் நிலையிலேயே களாவை நிரப்பி, சாறு காயை மூடுமாறு ஊற்றி, மேலே அரை அங்குலம் வெற்றிடம் விடவேண்டும். வாயின் விளிம்பைத் துடைத்து, உட்புறத்தில் இறப்பர்ப் பூச்சுள்ள புதிய மூடியால் மூடுக. அடியிலே துணி விரித்த பெரிய பானையில் போத்தல்களை நிறுத்தி, அவற்றின் மேல் ஓரங்குலம் நிற்குமாறு வெந்நீர் ஊற்றி, நீர் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து பத்து நிமிடம் வைத்திருந்து எடுக்கவேண்டும்.

மலைநாட்டார் இந்நேரத்தைக் கூட்டவேண்டும். உயரம் கூடக் காற்றின் அமுக்கம் குறைவதால் அங்கே நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கின்றது. 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவிலே நீர் ஏறக்குறைய 94 பாகையிற் கொதிக்கும். அங்கே இருபது நிமிடம் வேண்டும். இடைப்பட்ட உயரங்களிலே பதினைந்து நிமிடம் போதும்.

போத்தல் ஆறும்பொழுது உள்ளிருந்த நீராவி ஒடுங்க, வெளிக்காற்று மூடியை உள்நோக்கி அமுக்கும். மறுநாள் மூடியின் நடுவை விரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். அது மேலும் கீழும் அசையுமாயின் அப்போத்தல் சரியாக அடைபடவில்லை; அதனைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களுள் உண்டுவிடலாம். நன்கு அடைபட்டதற்குச் செய்த திகதியை எழுதி ஒட்டி, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்திலே வைக்கவேண்டும். ஓராண்டுக்குள் உண்டு முடித்தல் நன்று. விற்பனைக்குச் செய்வோருக்குத் திகதி எழுதுதல் நாணயம் மட்டுமன்று, கடமையுமாகும்.

இம்முறை களாவுக்கும் அதனை ஒத்த புளிப்புப் பழங்களுக்குமே உரியது. புளிக்காத காயை இவ்வாறே செய்யலாம் என எண்ணி அளவுகளை மாற்றுதல் கூடாது. வினாகிரி உறைக்கின்றது என்று நீரைக் கூட்டுவதும் கூடாது. வேண்டுமாயின் சீனியைக் கூட்டலாம். புளிப்பில்லாத உணவைப் போத்தலில் அடைப்பதற்கு 116 முதல் 121 பாகை வரை எட்டும் தனிப்பட்ட அமுக்கக் கலன் வேண்டும். வீட்டிலுள்ள சிறிய பிரஷர் குக்கர் பருப்பும் இறைச்சியும் அவிப்பதற்கு உரியது. போத்தலடைக்கும் வேலைக்கு அதனை நம்பலாகாது.

கெட்டதைக் கண்டறியும் முறையையும் அறிந்திருத்தல் வேண்டும். மூடி புடைத்திருத்தல், திறந்ததும் சாறு பீறிடுதல், நுரைத்தல், வேண்டாத மணம் ஆகியன எச்சரிக்கைகள். பூஞ்சணம் படர்ந்தால் மேற்பகுதியை வழித்தெறிந்துவிட்டு மிகுதியை உண்பது பலர் வழக்கம். சில பூஞ்சணங்கள் அமிலத்தையே உண்டு புளிப்பைக் குறைத்துவிடுவன. காவலன் மெலிந்தபின் பகைவன் எழுவான். ஆதலின் முழுவதையும் எறிதலே நெறி. எல்லாவற்றிலும் முக்கியமானது, பொற்றுலின நஞ்சு மணத்தாலோ சுவையாலோ தன்னைக் காட்டிக்கொள்ளாமலிருக்கலாம் என்பது. சந்தேகமுள்ள போத்தலைச் சுவைத்துச் சோதித்தல் கூடாது. உண்டவருக்கு ஒரு பொருள் இரண்டாகத் தோன்றுதல், இமை தொங்குதல், நாக்குழறல், விழுங்க இயலாமை, மூச்சுத்திணறல் ஆகியன காணப்பட்டாற் கைமருந்து தேடி நேரம் போக்காது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். சில மணி நேரம் முதற் சில நாட்கள் வரையில் இக்குறிகள் தோன்றலாம். எஞ்சிய உணவையும் போத்தலோடு எடுத்துச் சென்றால் வைத்தியருக்கு உதவியாகும்.

ஓர் ஊறுகாய்க்கு இத்துணை அச்சமா என்று சிலர் நகைக்கக்கூடும். அச்சம் களாவைப் பற்றியதன்று. களா தன்னைத் தானே காக்கும் பழம். காரணம் அறியாமல் முறையை மட்டும் பிறபொருளுக்கு மாற்றும் அவசரமே அஞ்சத்தக்கது. இன்று வேலிகள் மதில்களாகின்றன, பற்றைகள் வெட்டப்படுகின்றன. களாவைத் தேடி நெடுந்தூரம் போகவேண்டிய பிள்ளைகள் பலர். ஓர் ஊரிலே செடி அழியும்போது அதனைப் பதப்படுத்தும் அறிவும் உடன் அழிகின்றது. வீட்டில் மூத்த பெண்மணி ஒருவர் இருப்பின், அடுத்த பருவம் வரும்போது அவர் எதனைச் சாடியில் இடுகின்றார், எதனைச் சுளகில் இடுகின்றார் என்பதை இளையோர் அருகிலிருந்து பார்க்கட்டும். பார்த்தபின், அவ்வாறு செய்வது ஏன் என்றும் கேட்கட்டும். செய்ம்முறை அவரிடம் உண்டு. காரணத்தை விஞ்ஞானம் தந்திருக்கின்றது. இரண்டும் ஒரே வீட்டிற் சேர்ந்திருந்தால் களாவின் சுவை அடுத்த பருவம் வரையும் இருக்கும். உண்பவர் நலமும் இருக்கும்.